'தேவையான அளவு' என்றால் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில் வெனிலா கேக் குறிப்பு ஒன்று வந்திருந்தது. கடைசி வரியில் '350 டிகிரி சூட்டில் 40 நிமிடம் வேக வைக்கவும்' என்று போட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டு ஓ.டி.ஜி. மின்சார அடுப்பின் குமிழில் 250-க்கு மேல் எண்ணே கிடையாது. சரி, மலிவான அடுப்பை வாங்கித் தொலைத்துவிட்டோம் போலிருக்கிறது, இருக்கிறவரைக்கும் வைப்போம் என்று குமிழைக் கடைசிவரை திருகி வைத்தேன். இருபதாவது நிமிடம் கூடம் முழுக்கப் புகை. மேலே கரிக்கட்டை, கத்தியை விட்டுப் பார்த்தால் உள்ளே தோசை மாவு. அன்றைக்குப் பேத்திக்கு ஐந்தாவது பிறந்தநாள். மெழுகுவர்த்தியைக் கேசரி மேல் குத்தி ஊதினாள்.

அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. 350 என்பது பாரன்ஹீட். செல்சியஸில் அது 177, அதாவது நம் அடுப்பில் 175-க்கும் 180-க்கும் நடுவில். வெளிநாட்டுக் குறிப்பு எதிலிருந்தோ எடுத்திருப்பார்கள், 'பாரன்ஹீட்' என்ற ஒரு சொல் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. ஒரு எம்.எல்.ஏ. பெயரை மாற்றி அச்சிட்டால் மறுநாளே முதல் பக்கத்தில் திருத்தம் வருகிறது. இதற்கு நாலு வாரமாக ஒவ்வொரு ஞாயிறும் தேடிப் பார்க்கிறேன், ஒன்றும் காணோம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் மருந்துக் கடையில் நின்று டாக்டர் சீட்டு படித்தவன். எழுதியிருப்பதை எழுதியபடியே செய்வது எங்கள் தொழில். அரை மாத்திரை என்றால் அரை மாத்திரைதான். சமையலறைப் பக்கம் அத்தனை வருஷமும் தண்ணீர் குடிக்க மட்டும்தான் போனேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. போன வருஷம் ஆடியில் என் மனைவி மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. மகள் குன்னூரில் வேலையில் இருக்கிறாள், ஒரு வாரத்துக்கு மேல் லீவு போட முடியாது. ஆகவே கரண்டி என் கைக்கு வந்தது. பழைய இணைப்புகளிலிருந்து என் மனைவி வெட்டி வைத்திருந்த சமையல் குறிப்புகள் ஒரு ஃபைல் நிறைய இருந்தன. சீட்டு இருக்கிறது, படித்துச் செய்ய வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

முதல் நாள் வத்தக்குழம்பு. 'புளி - தேவையான அளவு. உப்பு - தேவையான அளவு. எண்ணெய் - தேவையான அளவு. தண்ணீர் - தேவையான அளவு.' எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இருமல் மருந்துச் சீட்டில் ஒரு டாக்டர் இப்படி எழுதினால் கடையை விட்டே இறங்கி அவரிடம் போய்க் கேட்டிருப்பேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டேன். "சின்ன எலுமிச்சம்பழ அளவு புளிங்க. பெரிய பழம் இல்ல, நம்ம தெருவுல கூடையில வருமே அந்த நாட்டுப் பழம்" என்றாள். எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்றால் நேரம் சொல்லவில்லை. "பச்சை வாசனை போகட்டும். ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு வரும், அப்ப இறக்குங்க." அவ்வளவுதான். பிரிந்து வந்தது, இறக்கினேன், சாப்பிடுகிற மாதிரியே இருந்தது.

அன்றைக்கு ஒன்று தெரிந்தது. அவள் கிராம் சொல்லவில்லை, ஆனால் பதம் சொன்னாள். நம் சமையலில் பதத்துக்கு எத்தனை பேர் இருக்கிறது பாருங்கள். பாகில் மட்டும் கம்பிப் பதம், உருட்டுப் பதம், தக்காளிப் பதம். அதிரசத்துக்குப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் கையில் மெத்தென்று உருள வேண்டும், கல்லாகிவிட்டால் அதிரசம் ஓடாகிவிடும். அரிசியைக் கூட நிழலில் உலர்த்தி, கையில் லேசாக ஈரம் ஒட்டும்போதே இடிக்கச் சொல்வார்கள். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் கண்ணும் கையும் மூக்கும் சேர்ந்து போட்ட அளவு அது. கேக்குக்கு அந்த மாதிரிப் பதம் நமக்குப் பழக்கமில்லை, அதற்குத் தராசும் டிகிரியும் வேண்டும். ஆக ஒரு குறிப்பு என்றால் அளவாவது இருக்க வேண்டும், பதமாவது இருக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் பல வாரம் இரண்டுமே இல்லை என்பதுதான் என் குறை. 'தேவையான அளவு', 'மிதமான தீ', 'நன்றாக வதக்கவும்', 'பொன்னிறமாக' என்று ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவர்களுக்காகவே எழுதுகிறீர்கள், தெரிந்தவர்களோ அந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை.

மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதல் பாகம் 1951-ல் வந்தது. நாட்டில் மெட்ரிக் அளவே வராத காலம். அதில் கூட அந்தக் காலத்து அளவில், இத்தனை ஆழாக்கு இத்தனை பலம் என்று கணக்குச் சொல்லித்தான் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டிலும் மாமியார் வழியில் வந்த பித்தளை ஆழாக்கு ஒன்று இருக்கிறது, அடியில் நசுங்கி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன், ஏறக்குறைய 170 மில்லி பிடிக்கிறது. நீங்கள் எழுதும் 'கப்' எத்தனை மில்லி? கடையில் விற்கும் அளவுக் கப்பில் 240 இருக்கிறது, 250-ம் இருக்கிறது. வீட்டு டம்ளர்களைக் கேட்கவே வேண்டாம்.

இட்லிக்கு இது பிரச்சினை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால் ஆழாக்கால் அளந்தாலும் சரி, செம்பால் அளந்தாலும் சரி, கணக்கு கெடாது. கேக்கில் மூன்று முட்டை என்று ஒரு வரி வந்துவிடுகிறது. முட்டை உங்கள் கப்புக்குத் தகுந்தபடி சின்னதாகாது. கப் பெரிதானால் மாவு கூடிப்போகும், முட்டை அதே மூன்றுதான், கேக் செங்கல்லாக வரும். போதாததற்கு ஒரே கப்பில் மைதாவை ஸ்பூனால் மெல்ல அள்ளிப் போட்டால் 125 கிராம் வருகிறது, டப்பாவுக்குள் கப்பை விட்டு அமுக்கி மொண்டால் 155 வருகிறது. தராசு வாங்கிய அன்றைக்கு இதை நாலு தடவை எடை போட்டுப் பார்த்தேன். 'இவருக்கு வேற வேலை இல்ல' என்று மகளிடம் போனில் புகார் போயிற்று.

இட்லி என்றதும் ஞாபகம் வருகிறது. 'மாவை இரவு முழுவதும் புளிக்க விடவும்.' எந்த ஊர் இரவு? தூத்துக்குடியில் சித்திரை மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆட்டிக் கரைத்து மூடி வைத்தேன், விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தால் மாவு பொங்கி மேடையில் வழிந்து கேஸ் அடுப்பின் காலடிவரை போயிருந்தது. குன்னூரில் மகள் அதே கணக்கில் மார்கழியில் ஆட்டி வைத்தால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் போட்டது போட்டபடி இருக்கிறதாம். மாவைப் பொங்க வைப்பது உளுந்தோடும் அரிசியோடும் வருகிற நுண்ணுயிர்கள், அதில் லியூக்கோனாஸ்டாக் என்று ஒரு வகை பெரும்பங்கு வேலை பார்க்கிறது. முப்பது டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தால் விறுவிறுவென்று நடக்கும், குளிர் கண்டால் படுத்துக்கொள்ளும். அதனால்தான் மகள் அங்கே பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்கி வைக்கிறாள். 'இரவு முழுவதும்' என்பதற்குப் பதில் 'மாவு ஏறக்குறைய இரண்டு மடங்காக எழும்பி, கரண்டியால் அள்ளினால் நுரைத்துக்கொண்டு வரும் வரை' என்று எழுதினால் எத்தனை எழுத்து கூடிவிடும்?

இதெல்லாம் போகட்டும், மாவு வழிந்தால் துடைத்துவிடலாம். சீடைக்கு வருகிறேன். கோகுலாஷ்டமிக்கு முந்தைய வாரம் வருஷா வருஷம் உப்புச் சீடைக் குறிப்பு போடுகிறீர்கள். அது வெடிக்கும் என்று நான் எடுத்து வைத்திருக்கும் எந்தக் குறிப்பிலும் ஒரு வரி இல்லை. நான் அரிசி மாவு, வறுத்த உளுந்து மாவு, வெண்ணெய், எள், பெருங்காயம் எல்லாம் போட்டுப் பிசைந்து, மாத்திரை மாதிரி வழவழவென்று ஒரே அளவில் அழுத்தி அழுத்தி உருட்டினேன். தொழில் புத்தி. என் மனைவி அன்றைக்குப் பார்த்து கை டாக்டரிடம் போயிருந்தாள். எண்ணெயில் போட்ட இரண்டாவது நிமிடம் ஒன்று படாரென்று வெடித்து எக்ஸாஸ்ட் ஃபேனில் போய் அடித்தது, தொடர்ந்து நாலைந்து. முழங்கைக்குக் கீழே மூன்று இடத்தில் கொப்புளம், இன்னும் தழும்பு இருக்கிறது. முகத்தில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

திரும்பி வந்தவள் மீதி உருண்டைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஐயையோ, இப்படி அமுக்கியா உருட்டுவாங்க? மேல வெடிப்பு விட்ட மாதிரி லேசா உருட்டணுங்க" என்றாள். வெளித்தோல் கெட்டியாக மூடிக்கொண்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழி இல்லாமல் வெடிக்கிறது, அவ்வளவுதான் சங்கதி. மாவை இரண்டு தடவை சலிக்க வேண்டும். அழுத்தாமல் உருட்ட வேண்டும், உருட்டியதைத் துணியில் பரப்பிக் கால் மணி நேரம் ஆற விட வேண்டும். பயமாக இருந்தால் ஊசியால் ஒரு குத்து. முதலில் ஒன்றிரண்டை மட்டும் போட்டுப் பார்த்து, சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். இவ்வளவும் என் மனைவிக்கு அவள் அம்மா பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தது. பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இல்லாதவர்கள்தான் பேப்பரைப் பார்த்துச் செய்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் அறை எடுத்துத் தங்கி முதல் தடவை சீடை செய்து பார்க்கிற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

குக்கர் கேக்கும் இதே ரகம். 'ஓவன் இல்லாமல் கேக்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே 'குக்கரில் உப்பு பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, மூடி 45 நிமிடம் சிறு தீயில் வைக்கவும்.' கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட வேண்டும் என்பது எங்கே? தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எங்கே? எங்கள் எதிர் வீட்டில் புதிதாகக் கல்யாணமான பெண், கேஸ்கட்டோடு மூடி வைத்து, அது உருகி மூடியோடு ஒட்டிக்கொண்டு, புதுக் குக்கரே பாழ். ரப்பர் நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. வெறும் குக்கரைப் பத்து நிமிடம் முதலில் சூடாக்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொரு கேக்கில் 'சமையல் சோடா 1 ஸ்பூன்' என்று இருந்தது. டீஸ்பூனா, டேபிள்ஸ்பூனா? ஒன்று 5 மில்லி, இன்னொன்று 15 மில்லி. மூன்று மடங்கு வித்தியாசத்தை ஒரு 'ஸ்பூன்' என்ற சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டீர்கள். மருந்தில் இதுதான் நாங்கள் முதலில் பார்ப்பது, அதனால்தான் டானிக் பாட்டிலோடு கோடு போட்ட சின்ன மூடி தருகிறார்கள். பழைய மூடி ஒன்றைக் கழுவி இப்போது அடுக்களையில் வைத்திருக்கிறேன், 2.5, 5, 10 என்று கோடு தெளிவாக இருக்கிறது, ஐந்து காசு செலவில்லை. கேக் விஷயத்தில் இன்னொன்று, சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்று என்று நினைத்து மாற்றி மாற்றி அச்சிடுகிறீர்கள். சோடா எழும்ப வேண்டுமானால் கூடவே தயிரோ மோரோ எலுமிச்சைச் சாறோ புளிப்பாக ஏதாவது வேண்டும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பும் சேர்ந்தே இருக்கிறது, சோடா அதைவிட மூன்று நாலு மடங்கு வீரியம். பவுடர் போட வேண்டிய இடத்தில் அதே அளவு சோடா போட்டால் கேக் கருத்து, சோப்பு வாடை அடிக்கும். எனக்கு அடித்தது. பேத்தி ஒரு கடி கடித்துவிட்டு "தாத்தா, இது குளிக்கிறதா?" என்று கேட்டாள்.

எங்கள் ஊர் மக்ரூனையும் விடவில்லை நீங்கள். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, மூன்றே பொருள்தான், சரியாகத்தான் போட்டிருந்தீர்கள். செய்முறையில் 'நன்றாக அடிக்கவும்' என்று இரண்டே சொல். எவ்வளவு நன்றாக? கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கும் வரை. மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்திருந்தாலோ கிண்ணத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலோ நாள் முழுக்க அடித்தாலும் நிற்காது. சூடும் கேக் சூடு கிடையாது, 100, 110 டிகிரி செல்சியஸில் வைத்து மெதுவாக உலர்த்த வேண்டும். நிறம் வரக் கூடாது. ஆறியதும் உடனே டப்பாவில் போட்டு இறுக்கி மூட வேண்டும், எங்கள் கடல்காற்றில் அரை மணி விட்டால் சப்பென்று ஆகிவிடும். மூன்று தடவை தோற்று நாலாவது தடவை எனக்கு வந்தது, கடையில் வாங்குவது போல் இல்லைதான், ஆனாலும் மூக்கு மூக்காக நின்றது.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை, கேட்கவும் செய்கிறேன். பேக்கரி வகைகளுக்கு எடையைக் கிராமில் போடுங்கள், சூட்டைச் செல்சியஸில் போடுங்கள், டின் எத்தனை அங்குலம் என்று சொல்லுங்கள், ஏனென்றால் 6 அங்குல டின்னில் வேக எடுக்கும் நேரம் 9 அங்குலத்துக்குப் பொருந்தாது. சூடாக்க மட்டும் உதவுகிற சோலோ மைக்ரோவேவில் இந்தக் கேக் வராது, சூடான காற்று சுழலும் கன்வெக்‌ஷன் வேண்டும் என்பதையும் ஒரு வரி சேர்த்தால் பல பேருக்கு மைதா மிச்சம். குழம்பு, கூட்டு, பொரியலுக்குக் கிராம் வேண்டாம், பதத்தைச் சொன்னால் போதும். எத்தனை பேருக்கு என்பதும் வேண்டும். எண்ணெயில் பொரிப்பது, குக்கரில் தண்ணீர் இல்லாமல் வைப்பது போன்றவற்றுக்கு எச்சரிக்கையைக் குறிப்பின் தொடக்கத்திலேயே போடுங்கள். அச்சுக்குப் போகும் முன் அலுவலகத்தில் யாராவது ஒருவர், முடிந்தால் சமைக்கத் தெரியாத ஒருவர், வீட்டில் ஒரு தடவை செய்து பார்க்கட்டும். இடம் பற்றாது என்பீர்கள். குறிப்புக்கு மேலே கால் பக்கத்துக்கு ஒரு வண்ணப்படம் வருகிறதே, அதைக் கொஞ்சம் சுருக்கலாம். அந்தப் படத்தில் இருக்கும் கேக்கில் மூன்று அடுக்கு, நடுவே கிரீம், மேலே செர்ரி. குறிப்பில் கிரீமே கிடையாது.

என் மனைவியின் கை இப்போது பரவாயில்லை. சமையல் பாதிக்குப் பாதி திரும்பிவிட்டது, குழம்பு அவள், இட்லி மாவு நான். தராசைத் தொடுவதில்லை என்று பிடிவாதமாக இருக்கிறாள். உப்பை இன்றும் உள்ளங்கையில் கொட்டித்தான் போடுகிறாள். அந்த உள்ளங்கை உப்பை அவளுக்குத் தெரியாமல் ஒரு நாள் தட்டில் வாங்கி எடை போட்டேன், 6 கிராம். மறுநாளும் 6 கிராம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தூத்துக்குடி.

பின்குறிப்பு: திருத்தம் போடுவதற்கு வசதியாக, அந்த வெனிலா கேக்கை மூன்று தடவை செய்து பார்த்து, சரியாக வந்த கணக்கை இத்துடன் எழுதுகிறேன். மைதா 180 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, மூன்றையும் சேர்த்துச் சலிக்கவும். வெண்ணெய் 120 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், இரண்டும் வெளுத்து இலகுவாகும் வரை அடித்து, முட்டை 3, ஒவ்வொன்றாகச் சேர்க்கவும். பால் 60 மில்லி, வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன். மாவைக் கடைசியில் போட்டு, கலந்தால் போதும், அதற்கு மேல் அடித்தால் ரப்பராகிவிடும். 7 அங்குல வட்ட டின். அடுப்பைப் பத்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, 175 டிகிரி செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம். நடுவில் குத்திய குச்சியில் மாவு ஒட்டக் கூடாது. முதல் 25 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம்.